ஆகாதுய்யா உனக்கு

என் தம்பியின் அறைக்குள் போகும்போது இன்னமும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன். உள்ளே அவன் இல்லை. அவன் போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம் கேட்கும்போது கை தானாக எழுந்துவிடுகிறது. இருந்த காலத்தில் தட்டாமல் நுழைந்தால் வள்ளென்று விழுவான். பழகிய பயம் ஆளோடு போய்விடுவதில்லை.

செத்தவன் அறையில் இரவும் பகலும் ஏசி ஓடுகிறதே என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பலவிதமாகப் பேசினார்கள். மகன் அங்கேதான் இருக்கிறான் என்று அம்மா நம்புவதாகச் சிலர் சொன்னார்கள். உண்மையில் ஏசி ஓடியது அவன் விட்டுப்போன சின்சில்லாவுக்காக. முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் வைக்கத் தகுந்த ஒரு பிராணி அது. சாம்பல் நிறம், பெரிய காது, புசுபுசு வால், எதையும் இரண்டு கையாலும் பிடித்துத் தின்னும் பழக்கம். எங்கோ குளிர்ந்த மலையில் பிறந்த சாதி. நம் வெயிலில் ஒரு பகல் தாங்காது. தம்பி பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தான். கூட வேலை பார்த்தவர் வெளிநாடு போகும்போது இதை இவன் தலையில் கட்டிவிட்டார். நாய்க்குப் பேர்போன ஊரில் எலி வளர்க்கிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, "உங்க நாய் குரைக்கும், என் எலி கேக்கும். எனக்குக் கேக்கிறதுதான் வேணும்" என்பான்.

அவனுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த அன்றைக்குக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. போட்டது அம்மா. அவன் வளர்ந்து, தானே போட்டுக்கொள்ள முடியும் என்றான பிறகும் அம்மா விடவில்லை. எங்கள் வீட்டில் இனிப்புக்கு இடமே இல்லாமல் போயிற்று. தீபாவளிக்கு முறுக்கும் சேவும் மட்டும். யாராவது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்தால் அம்மா அதை வாசலோடு எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். அவன் கண்ணில் பட்டுவிட்டால் கெஞ்சுவான். "ஒரு விள்ளல்மா. நாக்குல வச்சுட்டுத் துப்பிருதேன்." அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள், சத்தம் உயராமல்: "வேண்டாம்யா. ஆகாதுய்யா உனக்கு."

அந்த வாக்கியம் எத்தனை தரம் அந்த வீட்டில் சொல்லப்பட்டது என்பதற்குக் கணக்கே இல்லை. அப்படிக் காத்த பிள்ளை ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். இருதயம் என்றார்கள்.

கருமாதி அன்று படையல் சோற்றைக் காக்காய் தொடவில்லை. அடுத்து வந்த அமாவாசைகளிலும் தொடவில்லை. வானத்தில் காக்காய்க்குப் பஞ்சமா என்ன? எதிர்வீட்டு மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்கள் மதிலுக்கு வராது. காக்காய் எடுக்காவிட்டால் செத்தவருக்கு மனக்குறை என்று சொல்லுவார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்க வக்கீல்கள் வாதத்தை அடித்துக் கொடுத்து எனக்கும் வாய் அப்படியே ஆகிவிட்டது. "காக்காய்க்கு எதிர்வீட்ல கோழிக்கறி கெடைக்கு, நம்ம வீட்டு வெண்டைக்காய்க்கு ஏன் வரப் போகுது?" என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா பால்கோவா கேட்க ஆரம்பித்தாள். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வர நான் பஸ் ஏறும் முன்னால் போன் வரும். "வரும்போது நல்ல கடையாப் பாத்துப் பால்கோவா வாங்கியா. சூடா இருக்கணும்." அவனுக்குப் படைக்க என்று நினைத்துக்கொண்டேன். அதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரோடு இருந்தவரை அவனுக்கு மறுத்ததைப் போன பிறகாவது இலையில் வைக்கட்டுமே. "இப்ப காக்கா எடுக்குதாம்மா?" என்று ஒரு தரம் கேட்டேன். "காக்கா எடுக்கல. ஆனா படையல் வீணாப் போகல" என்றாள். முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு தெளிவு. அதைக் கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சின்சில்லா சாப்பாட்டை நிறுத்தியது ஆனி வெயிலில். கூண்டு மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்துகொண்டது. காய்ந்த புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடை சாத்தும் நேரம் வரைகூடப் பொறுக்காமல் நான் ஓடி வந்ததற்குக் காரணம் அதுவல்ல. அம்மாவும் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தம்பி சாப்பிடாமல் அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஊசி போட்டு, அவன் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். அந்த வழக்கத்தை அப்படியே கூண்டுக்கு மாற்றி வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அவன் பட்டினி கெடக்கான். எனக்கு எப்படிட்டி எறங்கும்?"

"அது எலிம்மா."

"நீ சொல்லிக்கோ."

நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். பெரிய பெரிய வேட்டைநாய்களுக்கு நடுவில் துண்டு சுற்றிய கூடையோடு உட்கார்ந்திருந்தோம். டாக்டர் இந்தச் சாதியைக் கையில் பார்த்ததில்லை என்று மறைக்காமல் சொன்னார். பெங்களூரில் இருக்கும் தன் நண்பர் ஒருவரைப் போனில் பிடித்து, அவர் மூலமாக அங்கே ஒரு டாக்டரிடம் பேசி, ஊசி போட்டார். "வயிறு ஓட்டம் நின்னுருச்சு. முயல் மாதிரிதான், இது வயிறு நிக்கவே கூடாது. தானா திங்கிற வரைக்கும் சிரிஞ்ச்ல கூழ் குடுங்க. என்ன குடுத்து வளக்கீங்க?" என்றார். புல்லும் அதற்கென்று விற்கிற தீவன உருண்டையும் என்றேன். அம்மா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீவன உருண்டையை வெந்நீரில் ஊறப்போட்டுக் கூழாகக் கரைத்தேன். அதை ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுக்க வேண்டும். பிராணியைத் துண்டில் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பக்கவாட்டில் இருக்கும் இடைவெளியில் நுனியை நுழைத்து, ஒரு சொட்டு விட்டு, அது மென்று விழுங்குகிற வரைக்கும் பொறுத்து, அடுத்த சொட்டு. தலையை மேலே அண்ணாத்தக் கூடாது. கூழ் நுரையீரலுக்குப் போய்விடும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. அது கையால் என் விரலைத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டது. கொடுத்ததில் பாதி துண்டிலும் மீதி என் சேலையிலும் போயிற்று. அதைவிட, அது என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. பின்னால் இருந்தது அவனுடைய நாற்காலி. ஏசிக் காற்றுக்கோ என்னவோ நாற்காலி லேசாகத் திரும்பியது. சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அக்காதான்டா, சாப்பிடு" என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

ஒரு சொட்டு அவசரப்பட்டுவிட்டேன். அதற்குப் புரை ஏறியது. சின்ன உடம்பு முழுக்கக் குலுங்கியது. பக்கத்திலிருந்த அம்மா சட்டென்று அதன் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்காக, யாரோ நெனைக்காக" என்றாள். தட்டாதே என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருமல் அடங்கியது. அம்மா மெல்லக் கேட்டாள்: "நம்மள விட்டா இவன யாருட்டி நெனைக்கப் போறா?"

கூண்டைச் சுத்தம் செய்தபோதுதான் அதைக் கண்டேன். தூங்குவதற்காகத் தம்பி வைத்த மரப்பெட்டிக்குள், புல்லுக்கு அடியில், வெண்ணெய்த்தாள் துண்டு. அதில் காய்ந்து ஒட்டியிருந்தது பால்கோவா. முகர்ந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. நான் வாங்கி வந்த பொட்டலத்தின் தாள்.

"இதுக்குப் பால்கோவாவா குடுத்த?"

அம்மா மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஓர் அமாவாசையில் காக்காய் வராமல் உச்சி சாய்ந்துவிட்டது. இலையைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த அறையில் வைத்து அழுதிருக்கிறாள். கூண்டு திறந்து கிடந்திருக்கிறது. அது இறங்கி வந்து, சோற்றை விட்டுவிட்டு, பால்கோவாவை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றிருக்கிறது. அன்றிலிருந்து அமாவாசைக்கு என்று இல்லை; தினமும் ஒரு விள்ளல்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "கொன்னுட்டியேம்மா. புல்லு திங்கிற பிராணி. பாலும் சீனியும் அது வயித்துக்கு வெசம். நம்ம வீட்ல இதெல்லாம் உனக்குத் தெரியாதா? உனக்கா தெரியாது?"

அம்மா அழவில்லை. குரல் உயரவில்லை. "உசுரோட இருக்கையில ஒரு விள்ளல் குடுக்கலயேட்டி. கேட்டு கேட்டு ஓஞ்சு போனான். செத்த பொறவுமா ஆகாது?"

அந்தப் பால்கோவாவைக் கடைகடையாகப் பார்த்து, சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்கி வந்தது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை வீட்டுக்குள் கொண்டு போகிறோமே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு அம்மா அறைக்குள் வரவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். தெலுங்கு பேசும் எதிர்வீட்டம்மா பாத்திரத்தில் ரசஞ்சோறு கொண்டுவந்து, "பாபம், கொஞ்சமாச்சும்" என்று வாயருகே கொண்டுபோனார். அம்மா உதட்டைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு வாய் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது, வெளியே ஒரு வாய். நான் நடுவில் கூழ் கிண்ணத்தோடு நின்றேன். தம்பி மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. போகிறவன் ஒழுங்காகப் போகக் கூடாதா, அவளையும் எதற்கு இழுக்கிறாய் என்று அந்த நாற்காலியிடம் வாய்விட்டே கேட்டேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் கூழ் கொடுக்க உட்கார்ந்தேன். சிரிஞ்சு நுனி பல்லில் இடித்து, அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. கதவு திறந்தது. அம்மா. தட்டிவிட்டு வரவில்லை, அவள் என்றைக்கும் தட்டியதில்லை.

"குடு இங்க. எனக்குத் தெரியாத ஊசியா?"

என் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நகத்தால் இரண்டு சுண்டு சுண்டி, உள்ளே இருந்த காற்றுக்குமிழை மேலேற்றி, ஒரு துளி வெளியே தள்ளினாள். கூழுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. தம்பியின் தொடையில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வேளையும் செய்ததை அவள் கை செய்தது. அது துண்டுக்குள் அசையாமல் அவள் கையையே பார்த்தது.

பக்கவாயில் நுனியை வைத்தாள். முகத்தைத் திருப்பியது. பிறகு அவள் விரலை முகர்ந்து, விரல் இடுக்கைத் தேடித் தேடி நக்கியது. எதைத் தேடியது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை அம்மா இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவனிடமிருந்து இனிப்பை ஒளித்து, மறுத்து, ஒரு வாழ்க்கை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டோம் என்று நினைத்திருந்த வார்த்தை.

"வேண்டாம்யா," என்றாள். "ஆகாதுய்யா உனக்கு."

சொட்டு விட்டாள். அது மென்றது. இன்னொரு சொட்டு. அதையும் மென்றது.

அன்றெல்லாம் அவள்தான் கொடுத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் கூண்டின் தட்டில் எள்ளு எள்ளாகப் பிழுக்கை கிடந்தது. நான் போன் போட்டுச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். பிழுக்கைக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். அதற்கு அடுத்த நாள் கம்பிக்கு வெளியேயிருந்து அம்மா நீட்டிய புல்லை அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. கறுக் கறுக்கென்று சத்தம். அம்மா காதைக் கூண்டோடு வைத்து அது முழுவதும் தின்று தீர்க்கும்வரை கேட்டாள். கொஞ்ச நேரம் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"ஏட்டி, சோறு இருக்கா?"

எதிர்வீட்டம்மா அன்றைக்கும் கொண்டுவந்திருந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். முதல் கவளம் உள்ளே போனதும் அவளுக்குப் புரை ஏறியது. கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்கு இருமினாள். நான் அவள் உச்சந்தலையில் தட்டினேன். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது, பயந்து நிறுத்திக்கொண்டேன். அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"நெனைக்கட்டும்," என்றாள். "நான் சாப்பிடுதேன்னு அவனுக்குத் தெரியட்டும்."