உலகம் அர்த்தநாரி என்று அறிந்த சுமதி

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் பஸ்ஸில் சுமதிக்காக ஜன்னலோர சீட்டில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். சேலத்தில் ஏறும் நான் இடம் பிடிப்பதும், ஆட்டையாம்பட்டியில் அவள் ஏறி உட்காருவதும் எங்கள் வழக்கம். விடியற்காலையில் சுமதிக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். ஆட்டையாம்பட்டியில் பஸ் நின்றது. யார் யாரோ ஏறினார்கள். ஒரு பெண், "இங்க ஆளு இருக்குதுங்களா?" என்று கேட்டார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உங்களில் பலருக்கு அவள் சிப் வடிவமைப்புப் பாடம் நடத்திய சுமதி மேடம். எனக்கு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். அவளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப்புக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சுற்றுகள் வேலை இல்லாத நேரத்திலும் மின்சாரம் தின்னும். அந்தப் பகுதியை மட்டும் தூங்க வைத்து, வேலை வந்ததும் தாமதமில்லாமல் எழுப்புவது எப்படி என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எடப்பாடியில் விசைத்தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள். "நூல் அறுந்த தறி சும்மா ஓடுனா எங்கப்பாவுக்கு ஆகாதுங்க. அந்தக் கோவந்தாங்க என் தீசிஸ்" என்பாள். ஸ்டாஃப் ரூமில் ஆளில்லாத நாற்காலிக்கு மேல் மின்விசிறி சுற்றினால் எழுந்து போய் நிறுத்துவாள். சித்திரை வெயிலில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் என் விசிறியும் நின்றிருக்கும். திட்டினால் சிரிப்பாள்.

அவளுடைய முதல் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வரப்போனபோது, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். அதை விரித்து அப்பா பெயரைக் கொடுத்தாள்: சுமதி அர்த்தநாரி. அங்கே கடைசிப் பெயரைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுவார்கள். கட்டுரை தேசம் தேசமாகப் போனது. 'அர்த்தநாரி முறை' என்றே பெயர் நிலைத்தது. கொரியாவிலிருந்து ஒருவர் 'மதிப்பிற்குரிய அர்த்தநாரி ஐயா' என்று மின்னஞ்சல் எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் குமரேசனின் இனிஷியல் சேர்ந்து, அடுத்த கட்டுரைகள் கு. சுமதி என்று வந்தன. ஆக, உலகத்தின் கணக்கில் இரண்டு பேர். ஒருவர் புகழ்பெற்ற அர்த்தநாரி. இன்னொருத்தி யாரும் அதிகம் கேள்விப்படாத கு. சுமதி.

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் நடந்தபோது, குழுவில் ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டு, "உங்களைவிட அந்த அர்த்தநாரிக்குத்தானே மேற்கோள் நிறைய இருக்கு, அவர் வேலையைத்தான் தொடர்ந்து செய்யறீங்களா?" என்றாராம். "அது நாந்தானுங்க சார்" என்று இவள் சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பதவி கிடைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேற்கோள்களைக் காட்டும் இணையதளத்துக்குள் போய் அவளே கேட்டால் இரண்டு பெயரையும் ஒன்றாக்கிவிடலாம். அதைச் செய்து தொலைக்கச் சொல்லி வழி நெடுகத் திட்டினேன்.

"பண்ணிரலாமுங்க மேடம். எங்கப்பா இருக்கற வரைக்கும் அப்படியே போகட்டுமுங்க" என்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். யாராவது மேற்கோள் காட்டியதாகத் தகவல் வந்தால், பஸ்ஸிலிருந்தே எடப்பாடிக்குப் போன் போடுவாள். "அப்பா, உங்க பேரு இன்னைக்கு ஜப்பான்ல வந்திருக்குங்க." தறிச் சத்தத்துக்கு மேல் அவர் கத்துவது எனக்கே கேட்கும்: "அங்க நம்மள ஆருக்குச் சாமி தெரியும்?" பதவிக்கு முயற்சி செய்யாமல் இந்தக் கேள்விக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாயே என்று கேலி செய்வேன்.

கருமாதிக்கு எடப்பாடி போயிருந்தேன். தறிகள் நின்றிருந்தன. அர்த்தநாரி ஐயா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சாமி, அதுல எம்பேரை எடுத்துப்போட்டு எம்புள்ள பேரைப் போட முடியுங்களா? படிச்சவ அவ. கண்ணு முழிச்சவ அவ. எனக்கு எதுக்குங்க அந்தப் பேரு?"

பார்க்கிறேன் என்றேன். ஆய்விதழுக்கு எழுதினேன். அச்சான கட்டுரையில் பெயரை மாற்ற ஆசிரியரே விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று மறுபடி எழுதினேன். அதே பதில் வந்தது. மேற்கோள்களைக் காட்டும் தளத்தில் கேட்டால், அவளுடைய கல்லூரி மின்னஞ்சலிலிருந்து கேட்கச் சொன்னார்கள். அதைக் கல்லூரி மூடியாகிவிட்டது. இத்தனை வருடம் பொறியியல் சொல்லிக்கொடுத்த என்னால் ஒரு பெயரை இடம் மாற்ற முடியவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுகூடத் தெரியவில்லை. அழுகைதான் வருகிறது.

அவளைச் சீண்டுவதற்காக, அந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் எனக்கும் மின்னஞ்சல் வரும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தேன். போன வாரம் ஒன்று வந்தது. பிரேசிலில் யாரோ எழுதியது. அர்த்தநாரி என்றுதான் இருந்தது. பஸ்ஸிலிருந்தே எடப்பாடிக்குப் போன் போட்டேன்.

"ஐயா, பிரேசில் நாட்டுல சொல்லியிருக்காங்க."

"ஆரு பேருங்க சாமி போட்டிருக்கு?"

"சுமதி பேருதாங்க."

அவர் தறியை நிறுத்துவது கேட்டது. பிறகு, "மாத்திட்டாங்களா... செரி, செரிங்க சாமி" என்றார்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் போன் ஒன்றுதான். அவள் விட்ட இடத்திலிருந்து நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவளை அறிந்த நீங்கள் எடப்பாடிப் பக்கம் போனால், அவரிடம் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள்.