பாதி வாய்க்கு மட்டும் நடந்த வைத்தியம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பி.ஏ. முடித்த கையோடு, பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். சித்திரைக் கடைசியில் ஒருநாள் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனபோது, கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தி அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். ஈறெல்லாம் வீங்கி, துப்பினால் இரத்தம் வந்தது. கம்பவுண்டருக்குத் தெரிந்த ஒரே பல் வைத்தியம் குறடு. மேலும் கீழுமாக முன்பற்கள் எட்டையும் பிடுங்கிவிடலாம் என்றார்.

"இந்த வயசுல பொக்க வாயோட எப்படிய்யா சோறு திங்கது?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

கோட்டயத்தில் எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இருந்தார். கடிதம் எழுதினேன்; இரக்கப்பட்டு மலையேறி வந்தார். இது பயோரியா என்னும் ஈறு நோய், பல்லடியில் கல்லாக இறுகிய காறையை எடுத்தால் ஈறு ஆறும், பிடுங்க வேண்டியதில்லை என்றார். கொக்கி போன்ற சிறு கருவியால் கீழ்வரிசையைச் சுரண்டி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. மேல்வரிசைக்குப் பதினைந்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் அவளுடைய பற்களுக்கிடையே சந்து தெரிந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தித் திட்டித் தீர்த்தாள். "அடைச்சிருந்த கல்ல நோண்டிட்டா செவுரு நிக்குமாய்யா? பல்லு ஆடுது. பச்சத்தண்ணி பட்டா உசுரு போவுது."

"சும்மா இரு புள்ள, பி.ஏ. படிச்சவுக சொன்னா புதுப்பல்லு முளைக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. லயமே சிரித்தது.

இரண்டு நாள் யோசித்தேன். நல்லது செய்யப்போய் மிச்சப் பல்லும் விழுந்தால் அந்தப் பழி யாரைச் சேரும்? இனி வரவேண்டாம் என்று டாக்டருக்கு எழுதிவிட்டேன். இப்படி ஆவது இயல்புதானா என்று அவரைக் கேட்கவில்லை. திட்டியவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று அவளையும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் அவள் அரைநாள் வேலையை விட்டுவிட்டு, துவைத்த சேலையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "டாக்டரய்யா எங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கீழுதட்டை இழுத்துக் காட்டினாள். வீக்கம் வற்றி, ஈறு பல்லோடு ஒட்டியிருந்தது. "மூணாம் நாளே ரத்தம் நின்னுபோச்சுய்யா. அவுக சொன்னபடி உப்புத்தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு, வெத்தலையோட போடுற பொயலையக்கூட விட்டுட்டுல்லா காத்துக் கெடக்கேன்!"

"நீதானே அன்றைக்கு அப்படித் திட்டினாய்?"

"வலிச்சுது, திட்டுனேன். வேண்டாம்னா சொன்னேன்?"

உடனே மறுபடியும் எழுதினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. டாக்டர் வந்து சேர ஆவணி ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் அவளுடைய மேல் முன்பற்கள் இரண்டு தாமாகவே விழுந்துவிட்டன. எஞ்சியவற்றை அவர் சுத்தம் செய்தார், அவை நிலைத்தன. கீழ்வரிசையில் ஒரு பல்லும் போகவில்லை. வீக்கம் வற்றும்போது சில நாள் கூச்சமும் ஆட்டமும் இருக்கத்தான் செய்யும் என்று அப்போதுதான் எனக்கு விளக்கினார்.

அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சிரிக்கும்போது மட்டும் மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள். பிறர் நன்மைக்கென்று நான் முடிவெடுக்க நேரும்போதெல்லாம், அதற்கு உரியவரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்காமல், இன்றுவரை எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்திடுவதில்லை.