ஜுமானாவின் நாடி

"ஜுமானா, வயது பத்து. மூளை முடக்குவாதம், இரு கால்களிலும் விறைப்பு. சோம்பல் மிகுதி, முயற்சியில் ஆர்வமில்லை." ஜோர்டானின் ஸர்கா நகரத்துச் சிகிச்சை மையத்தில் நடைப்பயிற்சி தரும் ஸிஹாம் கோப்பில் இப்படி எழுதிவைத்திருந்தாள். கையெழுத்து அழகுதான்.

சோதனை எளியது. நடைவண்டியைப் பிடித்து ஆறு நிமிடம் நடக்க வேண்டும். தூரத்தையும், விரலில் மாட்டும் கருவி காட்டும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்வார்கள். ரமலானுக்கு முன் நூற்றுப்பத்து மீட்டர் போனவள், நோன்பு மூன்றாம் நாள் அறுபதிலேயே நின்றாள். நாடி எகிறியது. அடுத்த முறையும் இப்படியென்றால் மையம் கொடுத்த வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு சக்கர நாற்காலி கொடுத்துவிடுவார்கள். நாற்காலியில் வரும் பிள்ளையைச் சேர்க்க இடமில்லை என்று பள்ளிக்கூடம் முன்பே சொல்லிவிட்டது.

வீட்டில் வண்டியை மூலையில் போட்டுவிட்டார்கள் என்று ஸிஹாம் சந்தேகப்பட்டாள். கவிழ்த்துப் பார்த்தால் வண்டிக்காலின் ரப்பர் நன்றாகத் தேய்ந்திருந்தது. அண்ணன் லுஆய் தள்ளி விளையாடியிருப்பான் என்று அதற்கும் ஒரு சந்தேகம் தயாராக இருந்தது. தாய் உம்மு லுஆய்க்கோ, வண்டியை வேறு யாருக்கோ பேசி முடித்துவிட்டார்கள், அதனால்தான் கருவி பொய் சொல்கிறது என்று தோன்றியது. தன் விரலில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். அவள் நாடி ஒழுங்காக இருந்தது. சந்தேகம் இன்னும் கூடியது.

நோன்பு பத்தாம் நாள், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மறுசோதனை. ஐம்பத்திரண்டு மீட்டரில் உதடு வெளுத்து நின்றாள் ஜுமானா. கால்பட்டை இறுக்குகிறதோ என்று ஸிஹாம் அவிழ்த்தாள். சற்றுமுன் அவளே தின்னக் கொடுத்த பிஸ்கட் உள்ளேயிருந்து விழுந்தது.

"இத ஏன் இங்க வெச்சிருக்க?"

"மஃரிபுக்கு நோன்பு தொறக்க, டாக்டர்."

உம்மு லுஆய் மகளை முறைத்தாள். "நோன்பா? உனக்குக் கடமையே இல்லையேம்மா. டப்பால தினமும் குடுத்த சோறு?"

"பூனைக்கு."

"யாரு நோன்பு பிடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல உம்மா. பெரியம்மா மக ஸுஹா என்னவிடச் சின்னவ, அவளே பிடிக்கறா. சொன்னா நீ விடமாட்ட."

மற்றவளுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பில் 'சோம்பல்' என்பதை அடித்துவிட்டு எதை எழுதுவதென்று ஸிஹாமுக்குத் தெரியவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. முடிவைத் தள்ளிவைத்து, பெருநாள் கழித்து மறுபடி நடக்கவைத்தார்கள். நூற்றுப்பதினெட்டு மீட்டர். வண்டி அவளிடமே இருக்கிறது.

விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் தெரிந்துவிடும் என்று அதுவும் உண்ணாமல், பத்து நாளும் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஜுமானா நோன்பிருந்து நடந்தாள்.