பூட்டு சார் மெயில் மாற்றிய வாரம்

தெருவில் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். தொழில் பல்செட் செய்வது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். உள்ளே இருப்பதெல்லாம் பிளாஸ்டர் அச்சுகளும் மெழுகும் டப்பா டப்பாவாகக் கடைவாய்ப் பற்களும்தான். திருட வந்தவன் பயந்து போய் கையிலிருந்த டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு ஓடினால் ஆச்சரியமில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் தன் அண்ணனுக்கு, "முட்டி வலிக்கிறது" என்று மெயில் போட்டார். மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரும்பிய பக்கமெல்லாம் முட்டிக்கு உறை, முட்டிக்குத் தைலம், முட்டி வலிக்கு நாற்காலி. பூட்டு சாருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எவனோ என் மெயிலப் படிக்கிறான்!"

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். தோசைக்கரண்டி பிடிக்கும் கையைவிடப் புத்தகம் பிடிக்கும் கை. படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "உங்க மெயிலப் படிக்கறதையே ஒருத்தன் வேலையா வெச்சிருக்கானா? பாவங்க அவன்."

அவள் பரிதாபப்பட்டதில் நியாயம் இருந்தது. 'மேல்வரிசை, இரண்டாம் நம்பர் நிறம், மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக' என்கிற ரீதியில்தான் பல் டாக்டர்கள் அவருக்கு எழுதுவார்கள். ஆனாலும் பூட்டு சார் முடிவு செய்துவிட்டார். மெயிலை நடத்துகிற கம்பெனிகூடப் படிக்க முடியாதபடி கடிதங்களைப் பூட்டி வைக்கும் மெயில் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கணக்குத் திறந்தார். பேருக்கேற்ற மெயில். எல்லா டாக்டர்களுக்கும் புது முகவரியை அனுப்பியும் விட்டார்.

சிக்கல் அதற்கப்புறம்தான். பதினைந்து வருஷமாக அவர் மெயில் பார்ப்பது கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கும் ஒரு பழைய மென்பொருளில். அதில் புதுக் கணக்கைச் சேர்க்கப் போனால், பாஸ்வேர்ட் தவறு என்றது. அடித்தார். தவறு. மெதுவாக அடித்தார். தவறு. திட்டிக்கொண்டே அடித்தார். அப்போதும் தவறு. பதினோராவது தடவைக்குப் பிறகு, மானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவன்.

"அத்தான், உங்க மெயில் பூட்டித்தானே இருக்கு? அந்த மென்பொருளுக்கு அதத் திறக்கத் தெரியாது. நடுவுல பிரிட்ஜ்னு ஒண்ணு போடணும். அது உங்க கம்ப்யூட்டர்லயே உக்காந்து, பூட்டத் திறந்து, இதுகிட்ட குடுக்கும்."

"நடுவுல ஒருத்தனா? நடுவுல எவனும் இருக்கக் கூடாதுன்னுதானப்பா இவ்வளவு பாடு!"

"அது ஆள் இல்ல அத்தான். புரோகிராம்."

பிரிட்ஜைப் போட்டார்கள். அது தன் பங்குக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்தது. பூனை விசைப்பலகை மேல் நடந்து போனது மாதிரி இருந்தது. சர்வர் முகவரி என்ற இடத்தில் 127.0.0.1 என்று போடச் சொன்னான் மைத்துனன்.

"இது யாரோட முகவரி?"

"உங்க கம்ப்யூட்டரோடதுதான்."

"என் வீட்டு விலாசத்த எனக்கே சொல்லி என்னையே எழுதச் சொல்றியா?"

எழுதினார். உடனே திரையில் ஓர் எச்சரிக்கை: இந்தச் சான்றிதழை நம்ப முடியாது, ஏற்றுக்கொள்கிறீர்களா?

"ஏத்துக்கங்க அத்தான்."

"நம்பாதேன்னு அதுவே சொல்லுது. நீ நம்புங்கறே."

"அது பிரிட்ஜ் தானே எழுதிக்கிட்ட சான்றிதழ். அதான் அப்படிக் கேக்குது. தைரியமா அமுக்குங்க."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அமுக்கினார். அப்படியும் மெயில் வரவில்லை. மைத்துனன், பாஸ்வேர்டை இன்னொரு தடவை சரிபார்க்கச் சொன்னான். ஜன்னல் திறந்திருந்தது. பூட்டு சார் மறுபடியும் எழுத்தெழுத்தாகக் கத்தினார். "பெரிய கே! ஏழு! சின்ன க்யூ! சின்னதுடா, சின்னது!"

எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "சார், ஏழுக்கு அப்புறம் பெரிய க்யூன்னு சொன்னீங்களே மொதல்ல?"

சரிதான். பெரிய க்யூ. போட்டதும் மெயில் வந்துவிட்டது.

அத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் திங்கள்கிழமை காலை, திரையின் ஓரத்தில் பிரிட்ஜின் சின்னம் கம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பூட்டு சார் பார்த்தார். இவன் எதற்கு நாள் பூராவும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறான்? மூடினார். மென்பொருள், தொடர்பு இல்லை என்று கத்தியது. இதுவும் உளவுதான் என்று அறிவிப்புகளையும் நிறுத்தினார். வீட்டில் நல்ல அமைதி.

"பாத்தியா? மூணு நாளா ஒரு விளம்பரம் இல்ல" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார். விளம்பரம் மட்டுமா, எதுவுமே வரவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. மேசை மேல் ஓர் ஏலக்காரருடைய பல்செட் மெழுகில் நின்றுகொண்டிருந்தது. வாயில் வைத்துப் பார்த்தாயிற்று. என்ன மாற்ற வேண்டும் என்று டாக்டர் மெயில் போடுவதாகச் சொல்லியிருந்தார். "டாக்டருக்கு ஞாபக மறதி" என்று பூட்டு சார் அவரையும் மன்னித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரே வாசலில் வந்து நின்றார். கூடவே ஏலக்காரர்.

"நாலு மெயில் போட்டேன். பதிலே இல்ல. நாளைக்கு இவருக்குப் பெரிய ஏலம்."

ஏலக்காரர் வாயைத் திறந்தார். "ஒவு வவம்... இவண்டு வவம்..." என்றார். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிப் பிழைக்கிற மனிதர். பூட்டு சாருக்கு முகத்தில் அசடு வழிந்தது. மூடி வைத்த பிரிட்ஜ் ஞாபகம் வந்து, போய் அதைத் திறந்தார். பொலபொலவென்று முப்பத்திரண்டு மெயில்கள் கொட்டின. டாக்டருடையது முதலில்: 'முன்பல் ஒரு இழை குறைக்கவும். அவசரம்.' கடைசியில்: 'இருக்கிறீர்களா?'

அன்று அவர் சோற்றுப் பக்கம் போகவில்லை. முன்பற்களை இறக்கி, அச்சில் வார்த்து, கொதிநீரில் வேகவைத்து, தேய்த்து, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டார். ஏலக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டு, மேசை விளக்கை மூன்று தரம் ஏலம் விட்டுப் பார்த்தார். மூன்று தரமும் சுத்தமாக வந்தது. பூட்டு சாரும் அப்புறம்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அதன்பின் பிரிட்ஜை அவர் தொடவே இல்லை. மெயில் ஒழுங்காக வருகிறது, பூட்டியபடி இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு அவர் மனைவியும் அதே மெயிலில் ஒரு கணக்குத் திறந்து, யாருக்கும் போன் போடாமல், பத்தே நிமிடத்தில் தன் மடிக்கணினியில் சேர்த்துக்கொண்டாள். இப்போது தினமும் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து நீள நீளமாக எழுதுகிறாள். நடுநடுவே தனக்குத்தானே சிரிக்கிறாள்.

"யாருக்கு எழுதற?"

"ஃபிரெண்டுக்கு."

"எந்த ஃபிரெண்டு? அப்படி என்னதான் எழுதற?"

"அதச் சொல்றதுக்கா இவ்வளவு பூட்டு?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். பூட்டு சார் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல அவள் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு தடவை நடந்து பார்த்தார். அவள் திரையைப் பாதி தாழ்த்திவிட்டுத்தான் சிரித்தாள்.