சும்மா பார்க்கப் போனோம்

போன வாரம் வங்கி வாசல் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம் போனது. கண்டி வானத்தில் எனக்குப் பழக்கமானவை காகமும் வௌவாலும்தான். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது, அது வேறு கதை. பின்னால் நின்ற பெண், "தண்ணியில எறங்குற பிளேன் அங்கிள். டூரிஸ்ட்காரங்க சும்மா சுத்திப் பாக்கப் போறாங்க" என்றாள். சும்மா என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அந்த ஒரு சொல்லால் நாட்டை இழந்த மனிதன் ஒருவனை எனக்குத் தெரியும். வீடு வந்து சேரும்வரை எரிச்சல் அடங்கவில்லை. உங்களிடம் சொல்லித்தான் தீர்க்க வேண்டும். தேத்தண்ணியை ஆற விடாமல் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நாங்கள் மூன்று பேர் கூட்டாளிகள். நிசாம் அலவத்துகொடைக்காரன், கண்டியில் அவனுடைய வாப்பாவின் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் நிற்பான். அழகர் கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் வேலை. தகப்பன் இல்லை, தோட்டத்தார் வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா, அதில் அவனும் அம்மாவும் மட்டும். நான் கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன், கண்டியில் ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கர். சட்டம் படித்தவரிடம் மூன்று வருடம் பைல் தூக்கினால் தானும் பாதிச் சட்டத்தரணி என்று ஒருவனுக்குத் தோன்றும். எனக்கு முழுச் சட்டத்தரணி என்றே தோன்றியது.

எங்களைச் சேர்த்துக் கட்டியது ஊர் சுற்றும் பைத்தியம். கையில் இரண்டு நாள் விடுமுறை இருந்தால் கால் நிற்காது. கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் இல்லாத சைக்கிளில் இறங்கி, நான் ஒரு மாட்டு வண்டி வைக்கோலுக்குள் பாய்ந்திருக்கிறேன். திருகோணமலைக்கு உருளைக்கிழங்கு லொறியின் மேல் படுத்துக்கொண்டு போனோம். நிசாமுடைய உம்மா எப்போதும் ஒரு பிஸ்கட் தகரத்தில் வட்டிலப்பம் வைத்துத் தருவார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுவதற்குள் தகரம் காலியாகிவிடும். அழகர்தான் எங்களில் அதிகம் தின்பான், ஆனால் அவன்தான் ஒல்லி. "எங்கடா போவுது எல்லாம்?" என்று கேட்டால், "மெஷினுக்கு எண்ணெ மாதிரி, உள்ளயே தேஞ்சிரும்" என்பான்.

பெட்ரோல் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு டெரிக்கின் ஞாபகம் வரும். டெரிக் ஒரு பறங்கிக்காரர். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானத்தை ஓட்டினார். அவருடைய பழைய காருக்கு எங்கேயும் கிடைக்காத ஒரு பல்சக்கரத்தை நிசாம் எங்கிருந்தோ தேடிக் கொடுத்துவிட்டான். மனிதருக்கு ஒரே சந்தோஷம். "அடுத்த சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக்கு ஒரு மெஷின் சாமான் கொண்டுபோறேன். மூணு சீட் சும்மாதான் கிடக்கு, வாங்கோ" என்றாராம். நிசாம் நான் வேலை பார்த்த கந்தோருக்கே மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"மச்சான், பிளேன்! வாப்பாக்கிட்டச் சொல்ல ஏலா, கொண்டுபோட்டுருவாரு. நீ அழகரக் கூட்டிட்டு வா!"

அழகர் மட்டும் தயங்கினான். அதற்குக் காரணம் இருந்தது. சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள் இல்லையா? திரும்ப வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இந்த மண்ணை விட்டு இடையில் எங்கும் போகாமல் இங்கேயே கிடந்தோம் என்று காட்ட வேண்டும். எங்களுக்கும் பூர்வீகம் இந்தியாதான், கெலிஓயாக் கடையின் பழைய ரசீதுகளின் புண்ணியத்தில் எங்கள் வீட்டுக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் அப்போதுதான் வந்திருந்தது. அழகரின் மனு வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. அதைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தவன் நான். கச்சேரியிலிருந்து, அதுதான் அரசாங்க அலுவலகத்திலிருந்து, விசாரணைக்கு எந்த நேரமும் கடிதம் வரலாம்.

"லெட்டரு கிட்டரு வந்துட்டா என்னா பண்றது?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாத கச்சேரியாடா? இன்னும் மூணு மாசம் ஆவும். ரெண்டு நாள்ல வானமா இடிஞ்சி விழுந்துரப் போவுது?"

இப்படித்தான் சொன்னேன். குரலில் எவ்வளவு தோரணை இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

இரத்மலானையில் டெரிக் எங்கள் ஒவ்வொருவரின் எடையையும் கேட்டார். நிசாம் கூசாமல் ஒரு இருபது இறாத்தலைக் குறைத்துச் சொன்னான். டெரிக் அவன் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்சீட்டைக் காட்டினார். பெயர்ப் பட்டியல் எதுவும் எழுதவில்லை, டிக்கெட்டும் இல்லை. அது எங்களுக்கு அன்றைக்குப் பெரிய பாக்கியமாகத் தெரிந்தது.

மேலே ஏறியதும் எனக்குக் காலை சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. நிசாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினான். அழகர் மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே தென்னந்தோப்பு, கடலோரக் களப்பு, உப்புப் பாத்தி, வெள்ளை மணல், அப்புறம் மன்னார்ப் பக்கத்து வறண்ட காடு. பிறந்ததிலிருந்து மலையையும் மூடுபனியையும் பார்த்தவனுக்கு வாய் மூடவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கி, இரைச்சலுக்கு மேலே கத்தினான்: "நம்ம நாடு எம்புட்டு அழகா இருக்குன்னு பாருடா!" நான் ஒரு கடதாசிப் பைக்குள் முகத்தை வைத்திருந்தேன். என் நிலைமை அப்படி.

யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கிய அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வடக்கில் மழை பெய்யாது என்று யாரோ எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அந்த மகான் யாரென்று தெரியவில்லை. திங்கட்கிழமை திரும்ப வேண்டியவர்கள். டெரிக் வானத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். தேத்தண்ணிக் கடைக்காரர், "எங்கையிருந்து வாறியள்? கண்டியோ? ஆகாசத்தாலையோ? இந்த மழைக்கு ரயிலெண்டால் போகலாம், உது ஏலாது" என்றார். அழகர் அன்றைக்கே ரயிலில் போய்விடலாம் என்று நச்சரித்தான். நான் விடவில்லை. "பிளேன்ல வந்தவன் ரயில்ல திரும்பிப் போவானா? மானம் போயிரும்டா." வியாழக்கிழமை வெயில் எறித்தது, பறந்து வந்தோம். அம்மாவுக்கென்று அழகர் ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பனங்கற்கண்டு கொண்டுவந்தான்.

தோட்டத்தில் கடிதம் வருகிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தபால்காரர் லயத்துக்கு வர மாட்டார். எல்லாம் தோட்டத்துக் கந்தோருக்குப் போகும். விடிகாலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும்போது, பெரிய கிளாக்கர் கடிதத்துக்குரிய பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார். ஆள் கை நீட்டி வாங்க வேண்டும். நான் மனுவில் கம்பளையில் ஏதாவது ஒரு கடை முகவரியைப் போட்டிருக்கலாம். ஆனால் நிரந்தர வாசம் என்று காட்டத் தோட்டத்து முகவரிதான் கெட்டி என்று நானே தீர்மானித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டிருக்கிறார்கள். அழகர்சாமி, பதிவுத் தபால், கையெழுத்து வேண்டும். அத்தனை சனமும் நிற்கிறது. அழகரின் அம்மா முன்னால் போய் நின்றிருக்கிறார். அவருடைய ஆயுளில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு என்ன கிடைத்திருக்கும், சொல்லுங்கள்? தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு சொன்னாராம்:

"ஐயா, எம் மவன் ஆகாசக் கப்பல்ல போயிருக்குங்க!"

பெரட்டுக்களமே சிரித்தது. யாழ்ப்பாணத்துக்குத்தான் என்று அவர் சொன்னது அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனதோ, கிளாக்கர் காதில் வாங்க விரும்பவில்லையோ, யார் கண்டது? உறையின் மேல் இங்கிலீசில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். விமானத்தில் சென்றுவிட்டார் என்று அர்த்தம். அந்த உறையைப் பிறகு கச்சேரி பைலில் நானே பார்த்தேன். அழகான கையெழுத்து.

ஒரு தோட்டத்துத் தொழிலாளி விமானத்தில் போனான் என்றால் எங்கே போயிருப்பான்? இந்தியாவுக்குத்தான். வேறெங்கே போக அவனுக்கு என்ன இருக்கிறது? நாட்டை விட்டுப் போனவருக்குப் பிரஜாவுரிமை கேட்க உரிமை இல்லை, மனு தள்ளுபடி. ஓடித் திரிந்து மறுவிசாரணைக்கு ஒரு நாள் வாங்கினோம். யாழ்ப்பாணம் போனதற்கு அத்தாட்சி காட்டச் சொன்னார்கள். டிக்கெட் இல்லை. டெரிக்கிடம் ஒரு கடிதம் கேட்டுப் போனோம். பட்டியலில் எழுதாமல் ஆள் ஏற்றியதற்குத் தன் லைசென்ஸ் போய்விடும் என்று கையைப் பிசைந்தார். அடுத்த வருடம் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர், நிசாமும் நானும். சாட்சிக்கு இரண்டு பேர் போதும் என்றார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் பிரக்கிராசியார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கெட்ட மனிதர் இல்லை.

"தம்பி, உமக்குச் சான்றிதழ் வந்து ஆறு மாசமும் ஆகேல்லை. நீர் போய் நானும் அந்தப் பிளேனிலை இருந்தனான் எண்டு சொன்னால், உம்மையும்தான் எங்கை போனனீர் எண்டு கேப்பினம். குடுத்ததைத் திருப்பி எடுக்கவும் அவையளுக்குத் தெரியும். யோசியும்."

யோசித்தேன். கடையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை யோசித்தேன், தங்கைகளை யோசித்தேன். அதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. உண்மையில் என்னைத்தான் யோசித்தேன். மறுநாள் காலையில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். உடம்பு பச்சைத் தண்ணீராக இருந்தது.

நிசாம் போனான். அவனுக்கு நடுக்கம் எதுவும் இல்லை, அவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். அங்கே நடந்ததை அவன்தான் வந்து சொன்னான். அதிகாரி கேட்டாராம், "தொழிற்சாலைக் கூலி ஒருவன் விமானத்தில் யாழ்ப்பாணம் போக என்ன அவசியம்? கலியாணமா, சாவா, கோயிலா?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பாக்கப் போனோம்" என்றிருக்கிறான் அழகர்.

"சும்மா?"

அறையில் இருந்த பியோன் உட்பட எல்லோரும் சிரித்தார்களாம். துரைமார் சும்மா போகலாம், டூரிஸ்ட் சும்மா போகலாம். லயத்தில் பிறந்தவன் ஒரு இடத்துக்குப் போனால் பிழைக்கப் போக வேண்டும், அல்லது செத்தவனைப் பார்க்கப் போக வேண்டும். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று ஒரு நாட்டைப் பார்க்க அவனுக்கு ஆசை வரும் என்பதை எந்தச் சட்டத்தாலும் நம்ப முடியவில்லை. இரண்டாவது சாட்சி எங்கே என்று கேட்டார்கள். காய்ச்சல் என்றார்கள். பைலை மூடிவிட்டார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு நிசாம் கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். எழுந்து போனான். அதற்குப் பிறகு நான் கடைக்குப் போனால், "வாங்க, என்ன வேணும் உங்களுக்கு?" என்பான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த வாங்க போங்க மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை, கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அழகர் என்னை எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்று மட்டும் கேட்டான், உண்மையாகவே கேட்டான். அவனுக்கு அம்மாமேல்தான் கோபம். "ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா?" என்று ஒருமுறை என் முன்னாலேயே கத்தினான். அந்த அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தன. அழகரும் அம்மாவும் அந்தப் பக்கத்துப் பங்கில் விழுந்தார்கள். கம்பளை ஸ்டேசனில் வழியனுப்பப் போனேன். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகும் சனம், தகரப் பெட்டி, அம்மி, கோழிக் கூடை, ஒப்பாரி. நிசாமும் வந்திருந்தான், தூரத்தில் நின்றான். அழகர் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க படிச்சவுங்க, நெசத்தச் சொல்லுங்க. நான் அன்னைக்கி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா எம் புள்ளைக்கி இந்தக் கெதி வந்திருக்காதுல்ல?"

ரயில் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே வரி. இல்லைம்மா, நீங்கள் இல்லை, நான்தான். அதைச் சொல்லாமல், "விடுங்கம்மா, நடந்தது நடந்துபோச்சி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கையை விட்டார்.

கோத்தகிரியிலிருந்து அழகர் இரண்டு கடிதம் போட்டான். முதலாவதில் அங்கே அவர்களைச் சிலோன்காரன் என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் அம்மா போய்விட்டார் என்று இருந்தது. கடைசிவரை என் வாயாலதான், என் வாயாலதான் என்று புலம்பிக்கொண்டே போனாராம். நான் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். அப்புறம் அவனிடமிருந்தும் வரவில்லை.

இப்போது அந்தத் தலைமன்னார்க் கப்பல் இல்லை. லயம் இருந்த இடம் காடாகிவிட்டது, அங்கே அழகர் என்று ஒருவன் இருந்ததைச் சொல்ல ஒரு சீவன் கிடையாது. நிசாம் மௌத்தாகிப் பத்து வருடமாகிறது. சாவு வீட்டுக்கு நான் போனபோது அவன் மகன் கதிரையை இழுத்துப் போட்டு, நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்டான். உங்கள் வாப்பாவின் கூட்டாளி என்று சொல்ல வாய் வரவில்லை, தெரிந்தவன் என்று மட்டும் சொன்னேன்.