ஜெபம் அவசரமில்ல

என் வீட்டுக்காரர் கிதியோன் இறந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். அவர் இல்லாத சபையில் இப்போது விண்ணப்ப ஜெபம் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. புதுப் போதகர் நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். திரையில் எழுத்து ஓடுகிறது, "வியாதியஸ்தர் அனைவருக்காகவும்" என்று வாசிக்கிறார், நாங்கள் "கேட்டருளும் ஆண்டவரே" என்கிறோம், ஆயிற்று. அனைவரும் என்றால் யார்? பெர்சிஸ் அக்காவுக்கு முழங்கால் வலி, அது அந்த அனைவரில் சேர்த்தியா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இவர் போதகர் இல்லை, ஆனால் இவர் இருந்த காலத்தில் அந்த ஜெபத்தை இவர்தான் செய்வார், இருபத்திரண்டு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடம். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இவர் செகந்திராபாத் அல்வாலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சீட்டுகளை எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். குஷாய்குடா பக்கம் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்த மனுஷன். எதையும் சரிபார்க்காமல் அனுப்ப மாட்டார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, வலது கண்ணா இடது கண்ணா என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

மறுநாள் மைக் முன்னால் நின்றால் ஆண்டவருக்கு விலாசத்தோடு போகும். "லோத்குண்டாவுல, தண்ணி டேங்குக்குப் பின்னால, ரெண்டாவது மாடியில இருக்கிற அம்மாவைச் சந்தியும் ஆண்டவரே" என்பார். "ஏங்க, அவருக்கு வீடு தெரியாதா? வழி தப்பி வேற வீட்டுக்குப் போயிருவாராக்கும்?" என்று நான் கேட்டால், "கேக்குறவங்களுக்குத் தெரியணும்லா ஞானம்? அப்பந்தான பாக்கப் போவாங்க" என்பார். தெற்கே அவர் பிறந்த நாசரேத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை.

அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். தொண்ணூறுகளில் ஞாயிறு ஆராதனை முடிந்து டீயும் பன்னும் சாப்பிட்டவுடன், ஜெபத்தில் வந்த வீடுகளுக்கு நாலு நாலு பேராகக் கிளம்பிவிடுவோம். ஊரை விட்டு வந்து, பாஷை தெரியாத இடத்தில் வேலை பார்த்த குடும்பங்கள். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வேளைக்கு ஒரு டிபன் கேரியர் வந்து இறங்கியது. அந்த நாள் திரும்ப வருமா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

அதே மைக்தான் எங்கள் பையனை எங்களிடமிருந்து பிரித்தது.

ஜெர்சன் எங்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தெருவில் ஹிந்தி என்று வளர்ந்தவன். அவன் வாயில் எல்லாம் கலந்துதான் வரும். கோபம் வந்தால் கத்த மாட்டான், குரல் தாழ்ந்துவிடும். இருபத்துநாலு வயதில் முதல் வேலை போயிற்று. ஆறு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள் அப்பாவிடம் மட்டும் போய், மனசு சரியில்லை, டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அது தெரிந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மற்ற முந்நூறு பேரோடு சேர்ந்து, மைக்கில். மாத்திரை பெயர் உட்பட.

அவர் அழுதுகொண்டேதான் ஜெபித்தார். பெருமைக்குச் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்வேன். பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனால் ஆராதனை முடிந்ததும் ஜெர்சனைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர் தலையில் கை வைக்கிறார், ஒருவர் உபவாசம் இருக்கச் சொல்கிறார், ஒரு அம்மாள் வல்லாரைக் கீரை சாப்பிடச் சொல்கிறாள். அவன் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

அந்த வாரமே புனேயில் ஒரு வேலை தேடிக்கொண்டான். கிளம்பும் காலையில் இவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெர்சன் ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடியே மெதுவாகச் சொன்னான்.

"கைக்குப்பா இதெல்லாம்? இனிமே எனக்காக ஜெபம் பண்ண அவசரமில்ல."

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரிலே, நீ பத்திரமா போய்ட்டு வா" என்றார்.

பிள்ளை போன பிறகு என்னிடம் வந்து, "பாத்தியா ஞானம், எவ்வளவு பெருந்தன்மை! எனக்கு அவசரமில்லப்பா, மத்தவங்களுக்கு முதல்ல பண்ணுங்கங்கான்" என்றார். கண்ணெல்லாம் மின்னியது.

நான் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். "கைக்கு" என்றால் இந்த ஊர் ஹிந்தியில் எதற்கு. அவன் சொன்ன அவசரம் நம்முடைய அவசரம் இல்லை. தெலுங்கு அவசரம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. உன் ஜெபம் எனக்குத் தேவையில்லை என்று பிள்ளை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இந்த மனுஷர் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டு பூரித்து நிற்கிறார். தொழிற்சாலையில் அத்தனை வருஷம் தெலுங்கு பேசியவர்தான். ஆனால் வீட்டுக்குள் பிள்ளை பேசினால் அவர் காதுக்கு அது தமிழ்.

நான் திருத்தவில்லை. என் தப்பு அது.

அதன் பிறகு ஏழு வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் ஜெபத்தின் கடைசியில் அவன் பெயர் வரும். "முடிவா, என் மகன் ஜெர்சன் புனேயில இருக்கான் ஆண்டவரே. அவசரமில்லன்னு அவனே சொல்லியிருக்கான். அந்த மாத்திரையை நிறுத்துற அளவுக்கு மனசுல சுகம் கொடும். உம்முடைய நேரத்துல ஒரு துணையைக் கொடும்." சபை முழுவதும் "கேட்டருளும் ஆண்டவரே" என்னும். அவன் எதைச் செய்யாதே என்றானோ அதை வாராவாரம் முந்நூறு பேரை வைத்துக்கொண்டு செய்தார். பிள்ளை எனக்கு மட்டும் போன் செய்வான். இவர் வாங்கிப் பேசினால் "ஹவ், நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. "ஹவ்" என்றால் ஆமாம். வேலை ஜாஸ்தி போல என்பார் இவர்.

கொரோனா வந்த பிறகு எங்கள் ஆராதனையையும் யூடியூபில் போட ஆரம்பித்தார்கள். அது நடந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஜெர்சன் போன் செய்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"அம்மா, நேத்து சுப்ரியாவுக்கு நம்ம சர்ச்சைக் காட்டலாம்னு போட்டேன்."

சுப்ரியா அவன் கூட வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ப் பெண். கட்டிக்கொள்ளப் போகிறான் என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

"மாத்திரை விஷயத்தை நானே அவகிட்ட சொல்லணும்னு இருந்தேம்மா. எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா யோசிச்சிட்டு இருந்தேன். அப்பா மைக்ல சொல்லிட்டாரு. ஏழு வருஷமா இதான் நடக்குதா?"

"ஹவ்" என்றேன்.

"சுப்ரியா ஒண்ணும் சொல்லல. அது அவ நல்ல மனசு. கல்யாணம் அடுத்த மாசம் பதினாலு, இங்கயே சின்னதா. நீ மட்டும் வா. அப்பாகிட்ட தேதி சொல்லாத. சொன்னா அந்த ஞாயித்துக்கிழமையே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்."

"அப்பா இல்லாம உனக்குக் கல்யாணமாடா?" என்று கேட்டேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.

இனி மூடி வைக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. அந்த வாரம் சனிக்கிழமை இவர் சீட்டுகளைப் பரப்பியவுடன் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, தெலுங்குல அவசரம்னா என்ன?"

"தேவைன்னு அர்த்தம்" என்றார் தலையைத் தூக்காமல். "எதுக்குக் கேக்க?"

"ஜெர்சன் ஊருக்குப் போற அன்னைக்கு என்ன சொன்னான்?"

சீட்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவன் தமிழ்லதான பேசுனான் ஞானம்?"

"அவன் பேசுறதுல எது தமிழ், எது தெலுங்குன்னு அவனுக்கே தெரியாதுங்க."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பம் ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிங்க சொல்வேன்?"

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார். கல்யாண விஷயத்தையும், நீ மட்டும் வா என்று அவன் சொன்னதையும் சொன்னேன். தேதியை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தார். அன்றைக்குப் பதினோரு சீட்டு. பதினோரு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டார். "இதைச் சபையில சொல்லலாமா, வேண்டாமா?" அவர்களில் நாலு பேர் வேண்டாம் என்றார்கள். அதில் பெர்சிஸ் அக்கா ஒருத்தி. "உங்க மனசுல வச்சு ஜெபிங்க அண்ணாச்சி, அது போதும். நீங்க கேக்க மாட்டீங்களான்னு எத்தனை வருஷமா நினைச்சேன் தெரியுமா?" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

மறுநாள் மைக் முன்னால் நின்று ஏழு பெயர்களைச் சொன்னார். பிறகு, "மீதியை அவங்கவங்க மனசுல சொல்லிக்கிடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில் சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுவது கேட்டது. ஒலிபெருக்கி பார்க்கிற தம்பி மைக் போய்விட்டது என்று பயந்து ஒயரை ஆட்டிப் பார்த்தான். எங்கள் சபைக்கு அப்படி ஒரு மௌனம் பழக்கமே இல்லை. அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன். சத்தம் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. என் போன் இல்லை, அவருடையது.

"அப்பா, யூடியூப்ல சத்தமே வரல, நெட் போயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றான் ஜெர்சன்.

"இல்லய்யா. நெட் இருந்துச்சு."

நான் அவர் தோளை ஒட்டி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசம் பதினாலாம் தேதிப்பா. அம்மாவோட நீங்களும் வரணும்."

"வாறேன்யா" என்றார். வழக்கம் போல, "அப்பம் நம்ம சபையில..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "சபையில சொல்லட்டுமா, வேண்டாமா?"

"வேணாம்ப்பா."

"சரி" என்றார்.

கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கிற ஓலையை மூன்று ஞாயிறும் புனே சர்ச்சில் வாசித்தார்கள். இங்கே ஒரு குருவிக்கும் தெரியாது. இவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளைக்குக் கல்யாணம் என்பதைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு நாலு ஞாயிறு மைக் முன்னால் நின்றார். "ஜெர்சன் எப்படி இருக்கான் அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஸ்கூட்டரைப் பார்க்க நடந்துவிடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

பன்னிரண்டாம் தேதி காலையில் புனேயில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் ஜெர்சன் நின்றிருந்தான். தலையில் ரெண்டு மூணு நரை. என்னைக் கட்டிக்கொண்டான். அப்பாவுக்கு எதிரே போய் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சர்ச்ல இருந்து ஒருத்தர்கூட போன் பண்ணலையேப்பா. நெஜமாவே யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லலையே."

"ஆண்டவர்கிட்ட?"

"அவருகிட்ட மட்டும் சொன்னேன்யா" என்றார். "மெதுவாத்தான் சொன்னேன்."

ஜெர்சன் அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.