வேண்டாம் என்றவருக்கு இன்னொரு கரண்டி

எங்கள் பக்கத்தில் சாப்பிட வந்தவர் "போதும்" என்றால், இன்னொரு தடவை கேட்கச் சொல்கிறார் என்று அர்த்தம். சோற்றுக் கோப்பையின் மேல் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வயிறு நிறைஞ்சிட்டுது, இனி ஏலாது" என்பார். அந்த விரல்களுக்கு இடையாலேயே கறியை விட்டுவிடுகிறவள்தான் நல்ல வீட்டுக்காரி. நான் நல்ல வீட்டுக்காரி. அதனால்தான் விக்கிப்பீடியாவில் என்னைத் தடை செய்தார்கள்.

திருகோணமலைப் பாலையூற்றில் என் வீட்டுக் குசினியில் மதியச் சோற்றுப் பார்சல் கட்டி விற்பது என் தொழில். துறைமுகப் பக்கம் வேலை செய்கிறவர்களும் சில அலுவலகக்காரரும் எடுக்கிறார்கள். பார்சல்கள் போனபிறகு பின்னேரம் வரை எனக்கு வேலை இல்லை, வாய் மட்டும் இருக்கும். பார்சல் எடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் யாரோ ஒரு அறிவித்தலைப் போட்டிருந்தார்கள். விக்கியில் தமிழ்க் கட்டுரை எழுதவும் திருத்தவும் இணையவழி வகுப்பு, எந்தத் தகுதியும் தேவையில்லை, முடித்தால் சான்றிதழ் தருவார்கள்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். என் அலுமாரியில் பிறப்புப் பத்திரம் இருக்கிறது, கலியாணப் பத்திரம் இருக்கிறது. இரண்டுக்கும் நான் பாடுபடவில்லை. பள்ளியில் ஓ.எல். பொதுப் பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் நாங்கள் குடும்பத்தோடு வீட்டை விட்டு ஓடினோம். பரீட்சை நடந்தது, நான் அங்கே இருக்கவில்லை. திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் போகிற வயது போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன், பார்சல் சுற்றுகிற பத்திரிகை உட்பட. ஆனால் நான் படித்தேன் என்று சொல்லும் ஒரு துண்டுக் கடதாசி என்னிடம் இல்லை. அது எனக்கு வேண்டும் என்பது அந்த அறிவித்தலைப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

பக்கத்து வீட்டு ராத்தாவிடம்தான் முதலில் சொன்னேன். கிண்ணியாவில் பிறந்து கலியாணமாகி இங்கே வந்த முஸ்லிம் அக்கா அவர்.

"என்ன புள்ள," என்றார் மதிலுக்கு மேலால், "சோத்தக் கட்டிக் குடுத்தது காணாதெண்டு இனிப் படிப்பையும் கட்டிக் குடுக்கப் போறியா?"

"ஓம் ராத்தா. முதல் பார்சல் உங்களுக்குத்தான்."

அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வகுப்பில் இருந்தேன். படிப்பித்த மிஸ் என் மகளாக இருக்கக்கூடிய வயது, ஆனால் படிப்பிப்பவர் மிஸ்தான். முதலில் 'மணல்தொட்டி' என்று ஒரு இடத்தைக் காட்டினார். எழுதிப் பழகும் இடம், பிழை விட்டால் யாரும் ஏச மாட்டார்கள். கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எழுதுவது நம் வேலை, அழிப்பது அலையின் வேலை. பிறகு 'தொகு' என்ற பொத்தான். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கம். ஆட்களோடு கதைக்கப் பேச்சுப் பக்கம். அப்படி ஒரு பக்கமே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு இந்த இடம் பிடித்துவிட்டது.

சான்றிதழுக்கு ஒரே நிபந்தனை. வகுப்பின் கடைசி நாளில் நாம் உருவாக்கிய ஒரு கட்டுரை விக்கியில் அழிக்கப்படாமல் நிற்க வேண்டும்.

நான் எடுத்த தலைப்பு மட்டிச் சுண்டல். கடலோரக் களப்பில் பொறுக்குகிற மட்டியை அவித்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையை எடுத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டுவது. எனக்கு அதைப் பழக்கியவர் ராத்தா. என் கட்டுரை இப்படித் தொடங்கியது: "அன்பானவர்களே, முதலில் மட்டியை நன்றாக அலசி மண்ணைப் போக்குங்கள். இல்லாவிட்டால் சாப்பிடும்போது பல் நறநறக்கும், பிறகு என்னைத் திட்டாதீர்கள்."

மிஸ் சிரித்தார். "அக்கா, வாய் ஊறுது. ஆனா இது சமையல் குறிப்பு. கட்டுரையில ஆரையும் கூப்பிட்டுக் கதைக்கக் கூடாது."

"ஆரோடயும் கதைக்காம எப்பிடி மிஸ் எழுதிறது?"

"அது என்ன, எங்க சாப்பிடினம், எந்தப் புத்தகத்தில இருக்குது. அவ்வளவுதான். இது என்ன அக்கா, சான்று எண்ட இடத்தில 'பக்கத்து வீட்டு ராத்தா, மதிலடியில் சொன்னது' எண்டு போட்டிருக்கிறீங்கள்?"

"உண்மை தானே மிஸ். வேணுமெண்டா அவவைக் கூப்பிடுறன்."

ராத்தாவைச் சான்றாக எடுக்கமாட்டார்களாம். அச்சில் வந்த ஒன்று வேண்டும். அதைப் பிறகு தேடலாம் என்று கட்டுரையை மணல்தொட்டியிலிருந்து வெளியே விட்டேன். அடுத்த நாளே அதன் தலையில் ஒரு அறிவித்தல் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. சான்று இல்லை, சேர்க்காவிட்டால் இந்தக் கட்டுரை நீக்கப்படும்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. முகம் தெரியாத ஒருவர் வந்து என் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, வசனங்களை ஒழுங்காக்கிவிட்டுப் போயிருந்தார். சொந்தப் பெயர் இல்லை, ஒரு பறவையின் பெயரை வைத்திருந்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பறவைக்காரர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். கேட்காமலே ஒருவர் வந்து குந்தி என் அரிசியில் கல் பொறுக்கித் தந்தமாதிரி இருந்தது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? ராத்தா வீட்டுக் கிண்ணம் கறியோடு எங்கள் வீட்டுக்கு வந்தால் வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமாவது போகும். ஆகவே பறவைக்காரர் தொடங்கிய கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பாலைப்பழம். இலை இவ்வளவு நீளம், காய் இவ்வளவு பெரிது என்று எழுதியிருந்தது. பாவம், ருசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. "பாலைப்பழத்தின் உண்மையான இனிப்பை அறியத் திருகோணமலைக்கு வர வேண்டும்" என்று தொடங்கி நாலு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாகப் பாத்திரம் கழுவப் போனேன்.

அடுத்த நாள் பார்த்தால் அந்த வரிகள் இல்லை. "நன்றி. சான்று இல்லாததால் நீக்கியுள்ளேன்" என்று பறவைக்காரர் எழுதியிருந்தார். நான் பார்த்தது 'நன்றி'யை மட்டும்தான். மரியாதைக்கு வேண்டாம் என்கிறார். மறுபடி போட்டேன். மறுபடி எடுத்தார். "தயவுசெய்து வேண்டாம்." கோப்பைக்கு மேல் விரித்த கையே என் கண்ணில் தெரிந்தது. பழத்தின் பால் உதட்டில் ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும் என்ற வரியையும் சேர்த்து இன்னொரு கரண்டி போட்டேன். அவர் எடுக்க எடுக்க நானும் போட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு கூச்சமுள்ள மனிதரை நான் கண்டதில்லை என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு பகல், மட்டிக் கட்டுரையில் 'தொகு' என்பதை அழுத்தினால் திறக்கவில்லை. நான் தடை செய்யப்பட்டிருந்தேன். தடை முடிகிற திகதியைப் பார்த்தேன். வகுப்பின் கடைசி நாளுக்குப் பிந்தி இருந்தது. கட்டுரையின் தலையில் அந்தப் பெட்டி அப்படியே குந்தியிருக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மிஸ் போன் எடுத்தார். "அக்கா, தொகுப்புப் போர் எண்டு காரணம் போட்டிருக்கினம். அவர் எடுக்க எடுக்க நீங்கள் திருப்பிப் போட்டதாம்."

"போரோ? மிஸ், நான் சாப்பாடெல்லோ போட்டனான்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. என் பரீட்சையைத் தின்றது அதுதான். இப்போது அதே சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதி, இந்தக் கடதாசியையும் என்னிடமிருந்து எடுக்கப் போகிறார்கள்.

ராத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் குசினிக் கதிரையில் சாய்ந்தார். "வேணாம் எண்டா வேணாம்தானே புள்ள. நானும்தான் சொல்ற, நீ கேக்கிறியா? ஒன்ட வீட்டுக்கு வாற நாளைக்கு நான் காலச் சாப்பாடே திங்கிறல்ல."

அழுதுகொண்டே சிரித்தேன்.

தடை செய்யப்பட்டாலும் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் எழுதலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். அங்கே ஆட்களைக் கூப்பிட்டுக் கதைக்கலாம். அது எனக்கு வரும். ராத்தா பக்கத்தில் இருக்க, ஒற்றை விரலால் எழுதினேன்: "வணக்கம். நான் சண்டை பிடிக்க வரவில்லை. நீங்கள் என் கட்டுரையைத் திருத்தித் தந்தீர்கள். வெறுங்கையோடு இருக்க மனம் வரவில்லை. எங்கள் ஊரில் வேண்டாம் என்று சொன்னவருக்கு மறுபடி பரிமாறாவிட்டால் அவரை மதிக்கவில்லை என்று ஆகும். நீங்கள் உண்மையாகவே வேண்டாம் என்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இனிப் போட மாட்டேன். மட்டிக் கட்டுரைக்குச் சான்று தேட மட்டும் என்னை விடுங்கள்."

"'பசிச்சா வாங்க' எண்டும் எழுது," என்றார் ராத்தா. எழுதவில்லை.

பறவைக்காரரின் பதில் அன்றைக்கே வந்தது. "நான் உண்மையாகவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் உங்கள் விளக்கத்தை வாசித்துச் சிரித்துவிட்டேன். தடையை நீக்கும்படி நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். இனி நான் எதையாவது எடுத்தால், திருப்பிப் போடாமல் பேச்சுப் பக்கத்தில் ஏன் என்று கேளுங்கள். சொல்வேன்." ஏன் என்று கேட்கலாம்! இவ்வளவு காலம் விருந்தாளிகளிடம் நான் கேட்காத கேள்வி அது.

தடை நீங்கியபோது கடைசி நாள் கிட்ட வந்துவிட்டது. ஒரு நாள் பார்சலை நிறுத்திவிட்டு ராத்தாவையும் கூட்டிக்கொண்டு பட்டணத்து நூலகத்துக்குப் போனேன். சமையல் புத்தகங்களில் மட்டி இல்லை. மீனைப் பற்றிய புத்தகங்களில் மீன்தான் இருந்தது. நூலகர் உள்ளே போய்க் களப்புத் தொழில்களைப் பற்றிய மெல்லிய நூல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு பக்கத்தின் அடியில், பெண்கள் களப்பில் மட்டி பொறுக்குவதும், அதைச் சுண்டலாக்கிச் சோற்றோடு சாப்பிடுவதும் ஒரே வரியில் இருந்தது.

ராத்தாவுக்குக் கோபம். "எங்கட பொம்புளயள் இடுப்பளவு தண்ணில நிண்டு படுற பாட்டுக்கு ஒரு வரியா?"

"இண்டைக்கு இந்த ஒரு வரியே எனக்குக் காணும் ராத்தா."

வீட்டுக்கு வந்து, அந்த வரி தாங்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நானே வெட்டினேன். பல் நறநறப்பது போனது. அன்பானவர்கள் போனார்கள். என்னை நானே வெட்டினமாதிரி இருந்தது. ஆனால் மிஞ்சிய நாலு வசனமும் அசையாமல் நின்றன. பேச்சுப் பக்கத்தில் போய், "இப்போது சரியா?" என்று கேட்டேன். "சரி" என்று ஒரு சொல் வந்தது. பெட்டி போய்விட்டது.

கடைசி நாள் மிஸ் ஒவ்வொருவரின் கட்டுரையாகத் திறந்து காட்டினார். என்னுடையதுதான் எல்லாவற்றிலும் குட்டி. "நிற்குது அக்கா," என்றார்.

சான்றிதழ் போனுக்கு வந்தது. சந்தியில் உள்ள கடையில் அச்செடுத்து, எண்ணெய் தெறிக்காமல் பிளாஸ்டிக் உறை போட்டு, அரிசி டின்னுக்கு மேலே ஒட்டினேன். அதில் என் முழுப் பெயரும் இருந்தது. அன்று ராத்தாவைச் சாப்பிடக் கூப்பிட்டு மட்டிச் சுண்டல் வைத்தேன். சாப்பிட்டு முடிகிற நேரம் வழமைபோல் கோப்பைக்கு மேல் கையை விரித்தார். "போதும் புள்ள, இனி ஏலா."

கரண்டியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. "ராத்தா, உண்மையா வேண்டாமோ? ஏன் எண்டு சொல்லுங்கோ."

ராத்தா சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்தார்.

"படிச்சுக் கெட்டுப் போயிட்டா இவ," என்றார். "கேட்டுக்கிட்டு நிக்காம போடு புள்ள!"